பெட்டிக்குத் தெரியாத ஊர்

மூன்றாவது முறையும் திரையில் 'இல்லை' என்றுதான் வந்தது.

கிருபாகரன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த எழுத்துகளையே பார்த்தான். சற்று முன்பு அவன்தான் மனைவியின் காதருகே குனிந்து கேட்டிருந்தான். "தயா, இந்த மூச்சு மெசினோட தொடர்ந்து இருக்க உமக்கு விருப்பமோ?"

டாக்டர் கோமதிநாயகம் உதட்டில் விரலை வைத்து வாசலைக் காட்டினார். நோயாளியின் பதிலை அவர் காதுபட வாசிக்கக் கூடாது என்பது விதி. தன் பதிலைக் கேட்டு மற்றவர்கள் அழுவது தெரிந்தால் அடுத்த முறை மனம் மாறிவிடும். பிறகு அது யாருடைய விருப்பம் என்று சொல்ல முடியாது என்று சட்டம் போட்டவர்கள் யோசித்திருந்தார்கள்.

வராந்தாவில் மருத்துவமனைக் குழுவின் வழக்கறிஞர் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா மூணு தடவை கேட்டாச்சு. ஒரே பதில்," என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை காலையில மெஷினை நிறுத்தச் சொல்லி குழு எழுதிடும். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லலாம்."

"ஏன் அப்பிடிச் சொல்லுறா எண்டு கேக்கலாமோ டொக்டர்?"

"கேக்கலாம். பெட்டியால பதில் சொல்ல முடியாதே. ஆம், இல்லை, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

தயாளினி வவுனியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறவள். மைதானத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலைக்கு விசில் இல்லாமலே சத்தம் போடுவாள். கிருபாகரன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் போடுகிறவன். அவள் பேச்சில் கால்வாசிகூடப் பேசமாட்டான். சில மாதங்களாக அவளுக்கு விட்டுவிட்டுத் தலை சுற்றியது. சென்னையில் காட்டிவிட்டு வரலாம் என்று மகள் ஆரணியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வந்தார்கள். வடபழனியில் ஒரு லாட்ஜில் தங்கிய முதல் நாள் மதியமே, பின்மண்டை வலிக்கிறது என்றாள். அவன் பனடோல் மாத்திரை கொடுத்து, கொஞ்சம் படுத்திரும் என்று சொல்லிவிட்டு, கீழே சாப்பாடு வாங்கப் போனான். வாங்கிக்கொண்டு வந்தபோதும் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்று அவன் தனியாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்துதான் எழுப்பிப் பார்த்தான்.

மூளைத் தண்டில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. உயிர் இருந்தது. அறிவு இருந்தது. காது கேட்டது. உடம்பு மட்டும் அவளுக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தது. விரல் இல்லை, நாக்கு இல்லை, இமையைக்கூட அவளால் அசைக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அந்தப் பெட்டி வந்திருந்தது. தலையில் ஒட்டிய வலை, நோயாளி மனதுக்குள் சொல்லும் சொல்லைப் பிடிக்கும். பெட்டி அதை 'ஆம்' அல்லது 'இல்லை' என்று திரையில் போட்டுவிட்டு, பிடித்த சொல்லை அந்தக் கணமே அழித்துவிடும். மனிதரின் மனதுக்குள் இருப்பதை எவரும் சேமித்துவைக்கக் கூடாது என்று பெரிய போராட்டத்துக்குப் பிறகு சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான். எல்லோரும் வரவேற்ற சட்டம்.

தினமும் காலையில் டாக்டர் வந்து அவளுடைய நினைவைச் சோதிப்பார். "உங்க பேர் தயாளினியா?" ஆம். "இது கொழும்பா?" இல்லை. "உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காளா?" ஆம். ஒரு பிழை வராது. தெளிவாக இருக்கிறார், எந்த முடிவும் எடுக்கத் தகுதியாக இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போவார்.

கிருபாகரன் கேட்டால்தான் எல்லாம் வேறாக இருந்தது.

பெட்டி பொருத்திய அன்று, எல்லோரும் போன பிறகு, அவன் முதலில் கேட்டது இதைத்தான். "தயா, நான் பக்கத்தில இருக்கட்டோ?"

இல்லை.

அவனுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள், "நான் கதைக்கிறது உமக்குக் கேக்குதோ?" என்றான். இல்லை. கேட்காமலா பதில் சொல்கிறாள்? தன்னோடு பேச விருப்பமில்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். அதற்கு அடுத்த நாள் துணிந்து கேட்டான். "அண்டைக்கு உம்மை எழுப்பாம விட்டிட்டன். என்னை மன்னிப்பீரோ?"

இல்லை.

அதற்குப் பிறகு அவன் அறைக்குள் அதிகம் போகவில்லை. அவள் வேண்டாம் என்கிறாள். கேட்டுக் கேட்டு அவளை வருத்தக் கூடாது. வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலியிலேயே இருந்தான். அங்கேயே தேநீர் குடித்தான், அங்கேயே கண்ணயர்ந்தான். அவள் கண்ணோரத்தில் அடிக்கடி நீர் வழிகிறது என்று நர்ஸ் சொன்னாள். இமை மூடாததால் வருவதாக இருக்கும் என்றும் அவளே சொன்னாள். கணவன்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் சொன்ன நாட்களில் மட்டும் உள்ளே போய் அந்த ஒரே கேள்வியைக் கேட்டான். என்னோடு இருக்கப் பிடிக்காமல்தான் சாகக் கேட்கிறாள் என்ற எண்ணம் அவனுக்குள் ஒரு கல்லைப்போல் இறங்கி உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை நஸ்ரின் வந்தாள். பெட்டியைச் செய்யும் கம்பெனியின் ஆள்; மருத்துவமனைகளில் பொருத்துவதும் கழற்றுவதும் அவள் வேலை. வெள்ளிக்கிழமைக்கு முன் பெட்டியைக் கடைசியாகச் சோதித்துச் சான்று தர வந்திருந்தாள். அறைக்குள் அவள் கணினியை இணைத்துக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வெளியே கிருபாகரனின் போன் அடித்தது. வவுனியாவிலிருந்து ஆரணி.

"ஓம் பிள்ளை... ஓம், அம்மாவுக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்... ஓமோம்... சாப்பிட்டன்... ஓம், சொல்லுறன். சித்தியைக் குழப்பாத. ஓம்..."

அவன் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தபோது நஸ்ரின் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. போன்ல என்ன சொல்லிட்டிருந்தீங்க? ஏதாவது மந்திரமா?"

"மந்திரமோ?"

"ஓம் ஓம்னு சொன்னீங்களே."

அவனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வரப் பார்த்தது. "அது மந்திரமில்லைத் தங்கச்சி. நீங்கள் ஆமா எண்டு சொல்லுறியள். நாங்கள் ஓம் எண்டு சொல்லுவம்."

நஸ்ரின் திரும்பி, அறைக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"உங்க வொய்ஃபும் அப்படித்தான் சொல்வாங்களா?"

"ஓம்."

"எல்லார்கிட்டயுமா?"

"வீட்டில, ஊரில எல்லாரிட்டயும். முந்தியும் ரெண்டொருக்கா வந்தனாங்கள், இஞ்ச வந்தா மட்டும் மாத்திக் கதைப்பா. ஓட்டோக்காரரிட்ட, கடையில, 'ஆமாங்க' எண்டுவா. அப்பிடிக் கதைக்காட்டி ஆக்களுக்கு விளங்காது எண்டு. நான் பகிடி பண்ணிச் சிரிக்கிறனான்."

"டாக்டர்கிட்ட?"

நஸ்ரினின் முகம் மாறியதைப் பார்த்து அவனுக்கும் ஏதோ நெஞ்சில் இடறியது. டாக்டர் கேட்டால் ஆம். நான் கேட்டால் இல்லை. அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பெட்டிக்கு ஓம் தெரியாதோ?"

"தெரியாது சார்," என்றாள் நஸ்ரின். "தெரியாத எதையும் அது இல்லைன்னுதான் எடுத்துக்கும்."

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவனுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். அவனுக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

"இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது யூனிக்ஸ் வழியில வந்த சிஸ்டம். யூனிக்ஸை அமெரிக்காவுல எழுதினவங்களுக்கு இங்கிலீஷ் மட்டும் போதுமா இருந்தது. அப்புறம் அது ஊர் ஊரா போச்சு. ஐரோப்பாக்காரங்க, எங்க ஊர்ல தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவோம், எங்க அகரவரிசை வேறன்னாங்க. ஒவ்வொரு ஊருக்காகவும் மொத்த நிரலையும் மாத்தி எழுத முடியாதில்ல? அதனால எண்பதுகள்ல ஒரு வழி பண்ணாங்க. நிரல் ஒண்ணுதான். ஊருக்கு ஒரு தாள். தேதி எப்படி எழுதுவீங்க, எந்த எழுத்துக்கு அப்புறம் எந்த எழுத்து, எல்லாம் அந்தத் தாள்ல இருக்கும். லோக்கேல்னு பேரு. எந்த ஊர்ல இருக்கோம்னு மட்டும் மெஷினுக்குச் சொல்லிட்டா போதும்."

"ஒண்டும் சொல்லாட்டி?"

"சொல்லலைன்னா 'சி'னு ஒரு ஊர்ல இருக்கறதா நினைச்சுக்கும். அப்படி ஒரு ஊரே இல்ல. முதல்ல எழுதினவங்களோட இங்கிலீஷ் ஊர் அது." அவள் விரலால் ஒரு வரியைக் காட்டினாள். "அந்தத் தாள்ல ஆம், இல்லைக்கும் இடம் இருக்கு. இங்க பாருங்க. ஆம்ங்கறதுக்கு முதல் எழுத்து என்ன? ஆ. அவ்வளவுதான். மனசுல வர்ற சொல் ஆவுல தொடங்கினா ஆம்."

"மற்றதெல்லாம்?"

"மத்ததெல்லாம் இல்லை. அது பழைய பழக்கம் சார். ஒரு கோப்பை அழிக்கட்டுமான்னு மெஷின் கேக்கும். நாம ஏதோ தப்பா தட்டிட்டோம்னு வைங்க. தெளிவா ஆம்னு வராத எதையும் இல்லைன்னு எடுத்துக்கிட்டா கோப்பு பிழைச்சுக்கும். பாதுகாப்புக்காக அப்படி வெச்சாங்க." அவள் குரல் உடைந்தது. "நாங்க அதை அப்படியே எடுத்து இதுல போட்டுட்டோம். இங்க கேக்கற கேள்வி வேற."

கிருபாகரன் எழுந்து கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். தயாளினி அப்படியே கிடந்தாள். நெஞ்சு மெஷினோடு ஏறி இறங்கியது. பக்கத்தில் இருக்கட்டோ என்று கேட்டதற்கு அவள் ஓம் என்று சொல்லியிருக்கிறாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஏன் போனான் என்று தெரியாமல் அவள் இத்தனை நாளும் அந்தக் கூரைக்குக் கீழே தனியாகக் கிடந்திருக்கிறாள்.

"நான் போய்ச் சொல்லுறன்," என்று கதவைத் தள்ளினான். "ஓம் எண்டு சொல்லாதையும், ஆம் எண்டு சொல்லும் எண்டு..."

நஸ்ரின் அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "வேண்டாம் சார்! தயவுசெஞ்சு வேண்டாம். எந்தச் சொல்லைச் சொல்லணும்னு நீங்க சொன்னா, சொல்லிக்கொடுத்துட்டாங்கன்னு குழு எழுதிடும். அதுக்கப்புறம் அவங்க சொல்ற எதையும் ஏத்துக்க மாட்டாங்க. பெட்டியைக் கழட்டிடுவாங்க. அவங்களை மாத்தக் கூடாது. பெட்டியைத்தான் மாத்தணும்."

முதலில் அது எளிதாகவே தோன்றியது. பொருத்தும்போது மருத்துவமனையின் முகவரியை வைத்து 'தமிழ், இந்தியா' என்று தானாகவே அமைந்திருந்தது. பட்டியலில் 'தமிழ், இலங்கை' என்றும் ஒன்று இருந்தது. நஸ்ரின் அதைத் தேர்ந்தெடுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். கிருபாகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். "தயா, உம்மட பேர் தயாளினியோ?"

இல்லை.

நஸ்ரின் வராந்தாவுக்கு வந்து இலங்கையின் தாளைத் திறந்தாள். அதில் நாணயம் இருந்தது, தொலைபேசி எண்ணின் முன்குறி இருந்தது. ஆம், இல்லை என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

"இந்தியாவுல உள்ளதையே எடுத்துக்கோன்னு எழுதியிருக்கு," என்றாள். "யாரோ எங்க ஆபீஸ்ல உக்காந்து, ரெண்டும் தமிழ்தானேன்னு ஒரு வரியில முடிச்சிருக்காங்க."

அவள் தன் மேலாளருக்குப் போன் செய்தாள். கிருபாகரனுக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. "ஒரு எழுத்துதான் சார்... தெரியும், சான்று வாங்கின மென்பொருள்தான்... அடுத்த பதிப்பு வர்றவரைக்கும் இவங்க இருக்க மாட்டாங்க சார்... வெள்ளிக்கிழமை... இல்ல, நான் உணர்ச்சிவசப்படல... இந்தத் தாள் வேற எங்கெல்லாம் போயிருக்கு? யாழ்ப்பாணத்துல எத்தனை பெட்டி? டொரன்டோவுல? அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு... ஹலோ?"

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"எத்தினை பேர்?" என்று கிருபாகரன் கேட்டான்.

"யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது. பெட்டி எதையும் வெச்சுக்கறதில்லையே." அவள் மடிக்கணினியை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "சார், நான் இப்ப பண்ணப்போறது குத்தம். என் வேலை போகும். அது என் பாடு. நீங்க பார்க்கலைன்னு சொல்லிடுங்க."

"நான் பாத்தனான் எண்டுதான் சொல்லுவன்," என்றான் அவன்.

அவள் இரண்டு இடங்களைத் திருத்தினாள். ஆம் என்பதற்கு ஆவோடு ஓவையும் சேர்த்தாள். பிறகு, தெரியாததெல்லாம் இல்லை என்றிருந்ததை எடுத்துவிட்டாள். இல்லை, வேண்டாம் என்று தெளிவாக வந்தால்தான் இனி 'இல்லை' என்று காட்டும். வேறு எது வந்தாலும் திரை வெறுமையாக இருக்கும். செய்து முடிக்க ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இனிமே அது இல்லைன்னு காட்டினா, அவங்க இல்லைன்னுதான் சொல்றாங்க," என்றாள். "போய்க் கேளுங்க."

கிருபாகரன் கட்டிலின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தயா, உம்மட பேர் தயாளினியோ?"

திரையில் 'ஆம்' என்று வந்தது.

"நான் கதைக்கிறது கேக்குதோ?"

ஆம்.

"நான் பக்கத்தில இருக்கட்டோ?"

ஆம்.

அவன் அவள் கையை எடுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதான். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதான். நஸ்ரின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அழுகைக்கு நடுவிலேயே அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "நான் அண்டைக்கு உம்மை எழுப்பேல்லை. அதுக்கு என்னை மன்னிப்பீரோ?" ஆம். "நான் வெளியில போய் இருந்தது உமக்குக் கவலையா இருந்ததோ?" ஆம். "என்னோட இருக்க விருப்பமோ?" ஆம்.

ஒவ்வொரு ஆமுக்கும் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நஸ்ரின் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். இப்போது கேளுங்கள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏறக்குறையச் சிரித்தபடிதான் கேட்டான். "தயா, இந்த மெசினோட தொடர்ந்து இருக்க உமக்கு விருப்பம்தானே?"

இல்லை.

நஸ்ரின் முன்னால் வந்தாள். இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி கேளுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"தயா, வடிவா யோசிச்சுச் சொல்லும். இந்த மெசினோட இருக்க விருப்பமோ?"

இல்லை.

அவன் கேள்வியைத் திருப்பிப் போட்டான். குரல் அவனுடையதாகவே இல்லை. "மெசினை நிப்பாட்டச் சொல்லுறீரோ?"

ஆம்.

முந்தைய மூன்று முறையும் அவள் அதையேதான் சொல்லியிருக்கிறாள். இல்லை என்ற சொல் இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றுதான். அவனுக்குச் சொன்ன எல்லாவற்றையும் பெட்டி தப்பாகப் படித்திருந்தது, அந்த ஒரு பதிலைத் தவிர.

கிருபாகரன் நஸ்ரினை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அவன் கண்கள் வேறு யாருடைய கண்களோபோல இருந்தன.

"இன்னும் ஒண்டு மாத்தும்."

"சார்..."

"நாளைக்குக் குழுவைக் கூப்பிடுவம். திருத்தின பெட்டியைக் காட்டுவம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மாத்திக் காட்டச் செய்யும். உம்மால ஏலும்தானே? ஒரு எழுத்துதானே?" அவன் அவள் முன்னால் கைகூப்பினான். "அவ எனக்கு வேணும் தங்கச்சி. எப்பிடிக் கிடந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குக் கொண்டுபோவன். நான் பாப்பன். ஆயுசுக்கும் பாப்பன்."

நஸ்ரினால் முடியும். அவன் சொன்னதுபோல அது ஒரு எழுத்துதான். அவள் மடிக்கணினியைத் திறந்து அவன் மடியில் வைத்தாள்.

"எந்த இடம்னு காட்டறேன். நானே பண்ணியும் தர்றேன். இவ்வளவு நாள் அவங்க சொன்னதை நாங்க மாத்தினோம், தெரியாம. இப்ப தெரிஞ்சே மாத்தணும்னு நீங்க சொல்றீங்க. நீங்க அவங்க புருஷன். சொல்லுங்க, பண்றேன்."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரோ ஒரு நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவன் மூடியைச் சாத்தி, மடிக்கணினியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். உள்ளே போனான்.

"தயா," என்றான். "உமக்குச் சரியான நோவோ?"

ஆம்.

"டொக்டரிட்ட சொன்னனீரோ?" கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. டாக்டர் கேட்காத எதையும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

இல்லை.

"வெள்ளிக்கிழமை எண்டு வச்சிருக்கினம். அண்டைக்குச் சரியோ?"

இல்லை.

அவன் நிமிர்ந்தான். "அதுக்கு முதலோ?"

இல்லை.

"பிறகோ?"

ஆம்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஆரணியைக் கண்ட பிறகோ?"

ஆம், ஆம், ஆம் என்று திரையில் அடுக்காக வந்தது. ஒரு கேள்விக்கு ஒரு முறைதான் பதில் வர வேண்டும். அவள் உள்ளே ஓம் ஓம் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கோமதிநாயகம் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திருத்தின பெட்டியைக் குழு ஏத்துக்காது. இந்தம்மா மேல நடவடிக்கை எடுக்கச் சொல்வாங்க," என்றார் நஸ்ரினைக் காட்டி.

"தெரியும் சார். என்ன பண்ணேன்னு நானே கம்பெனிக்கு எழுதிட்டேன். இலங்கைத் தாள் போன ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எழுதிட்டிருக்கேன்."

"அவ நோகுது எண்டு சொல்லுறா டொக்டர்," என்றான் கிருபாகரன்.

டாக்டரின் முகம் சுருங்கியது. பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், வலிக்குதான்னு கேக்கலையே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மருந்தை அப்போதே மாற்றி எழுதினார். பிறகு சொன்னார்: "தேதியைக் குழு முடிவு பண்ணும். ஆனா நோயாளியோட நிலைமை பார்த்து அதைத் தள்ளி வைக்கறது என் கையில இருக்கு. பொண்ணை வரச் சொல்லுங்க."

கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் அலைந்து, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரணி வந்து சேரும்வரை கிருபாகரன் அந்த முக்காலியை விட்டு நகரவில்லை. நஸ்ரினைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. பெட்டியை எடுத்துப்போக வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். டாக்டர் அந்த ஆளை இன்று வாருங்கள், நாளை வாருங்கள் என்று அலையவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் கிருபாகரன் வாழ்க்கையில் பேசாததையெல்லாம் பேசினான். ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வி கேட்கப் பழகிக்கொண்டான். மைதானத்தில் அவள் போடும் சத்தம் தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்று சொன்னான். அது உமக்குத் தெரியுமோ என்றான். ஆம். ஒருமுறை, விடியற்காலையில், மனம் மாறியிருக்குமோ என்று அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்டான். மாறவில்லை. பிறகு கேட்கவில்லை.

ஆரணிக்குப் பதினொரு வயது. அறைக்குள் வந்தவள் குழாய்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். சித்தி முதுகில் கை வைத்தாள். கிருபாகரன் முக்காலியைக் காட்டினான்.

"அம்மாவுக்கு எல்லாம் கேக்கும். நீ கேள்விதான் கேக்கோணும். அம்மா பதில் சொல்லுவா."

பெண் முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அழவில்லை. தாயின் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த எழுத்து அம்மாவிடமிருந்துதான் வருகிறது என்பதை அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, நான் வந்தது தெரியுதோ?"

ஆம்.

ஆரணி உதட்டைக் கடித்தாள். அது யாரும் சொல்லக்கூடிய பதில். அவள் கொஞ்சம் யோசித்தாள். தன் நீண்ட பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, எனக்குத் தலை இழுத்துப் பின்ன ஏலாமக் கிடக்கு. இப்பவாவது தலைமயிரைக் கட்டையா வெட்டட்டோ?"

இல்லை.

"கொஞ்சம்? தோளுக்குக் கீழ?"

இல்லை.

"சித்தியும் ஓமெண்டிட்டா. பள்ளிக்கூடத்தில எல்லாரும் வெட்டிட்டினம். ஒரேயொருக்கா?"

பதில் அவள் வாயை மூடும் முன்னால் வந்தது. இல்லை.

ஆரணி தகப்பன் பக்கம் திரும்பினாள். கண்ணில் நிறைந்திருந்தது கன்னத்தில் வழிந்துகொண்டிருக்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் அப்பா," என்றாள். "பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது."